இயாகோ சொன்ன பொய்கள் எத்தனை?

ஒதெல்லோ நாடகத்தை இப்போதுதான் முதல் தடவை படித்தேன், அவ்வளவு பெரிய படைத்தளபதி ஒருத்தன் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் மனைவியைக் கொல்வானா, அவன் முட்டாளா, இல்லை ஷேக்ஸ்பியர் அவசரப்பட்டுவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது கதை நம்பும்படி இருக்கிறதா என்ற கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உள்ளே வேறொன்று கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது: நல்ல புத்தியும் நல்ல மனமும் உள்ள ஒரு மனிதனை இன்னொருவன் வெறும் பேச்சினால் இந்த அளவுக்குத் திருப்ப முடியுமா, முடியும் என்றால் எப்படி? கல்லூரியில் 24 வருடம் ஆங்கில இலக்கியம் நடத்தியவன் நான், இந்த நாடகத்தை மாணவர்களை வைத்து இரண்டு முறை மேடையேற்றியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முடியும். எப்படி என்பதை இந்த நாடகம் அளவுக்கு நுணுக்கமாகக் காட்டிய இன்னொன்றை நான் படித்ததில்லை.

முதலில் அந்த "முட்டாள்" என்ற சொல்லை எடுத்துவிடுவோம். ஒதெல்லோவின் படையில் அவனுக்குக் கீழே இருந்துகொண்டே அவன் மனதைக் கெடுக்கும் இயாகோவை நம்பியது ஒதெல்லோ மட்டுமா? துணைத்தளபதி கேசியோ நம்புகிறான், வேலை போன ராத்திரியே இயாகோவிடம்தான் யோசனை கேட்கிறான். ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா நம்புகிறாள், கணவன் தன்னை வாய்க்கு வந்தபடி ஏசியபிறகு மண்டியிட்டு உதவி கேட்பது இயாகோவிடம்தான். டெஸ்டிமோனா மேல் ஆசை வைத்திருக்கும் ரோடரிகோ தன் பணத்தையெல்லாம் அவன் கையில் கொடுத்து வைத்திருக்கிறான். இயாகோவோடு குடும்பம் நடத்துகிற எமிலியாவுக்குக்கூட, கணவன் கொஞ்சம் கோணல் புத்திக்காரன் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. 'நேர்மையானவன்', 'நேர்மை' என்ற பொருள்படும் சொற்கள் நாடகத்தில் 50 தடவைக்கு மேல் வருகின்றன, பெரும்பாலும் இயாகோவைச் சுற்றித்தான். ஊரே நல்லவன் என்று சொல்கிறவனை நம்பியது ஒதெல்லோவின் தனிப்பட்ட மடத்தனம் ஆகாது. நமக்கு அவன் முட்டாளாகத் தெரிவதற்குக் காரணம், இயாகோ தனியாக நின்று பேசுவதையெல்லாம் நாம் மட்டும்தான் கேட்கிறோம். ஒதெல்லோவைவிட அதிக வரிகள் இயாகோவுக்குத்தான், ஆயிரத்துக்கும் மேல். அவனோடு இருக்கும் நேரம்தான் நமக்கு அதிகம்.

சரி, இப்போது செய்முறைக்கு வருவோம். டெஸ்டிமோனாவுக்கும் கேசியோவுக்கும் தொடர்பு என்ற சந்தேகத்தை ஒதெல்லோ மனதில் இயாகோ விதைக்கும் மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியைத்தான் எல்லாரும் பேசுவார்கள். நான் எப்போதும் அதற்கு ஒரு ராத்திரி முன்னால், இரண்டாம் அங்கத்தில் நடக்கும் குடிபோதைச் சண்டையிலிருந்து ஆரம்பிப்பேன். ஏனென்றால் ஒத்திகை அங்கேதான் நடக்கிறது. சைப்ரஸ் தீவில் துருக்கியர் கப்பல்கள் புயலில் அழிந்துவிட்டன, ஊர் கொண்டாட்டத்தில் இருக்கிறது, காவல் பொறுப்பில் இருக்கும் துணைத்தளபதி கேசியோவுக்கு இயாகோ குடிக்கக் கொடுத்து, ரோடரிகோவை ஏவிச் சண்டை மூட்டிவிடுகிறான். ஒதெல்லோ படுக்கையிலிருந்து எழுந்து வந்து, யார் ஆரம்பித்தது என்று கேட்கிறான். இயாகோ உடனே சொல்வதில்லை. தெரியாது என்கிறான். மறுபடி வற்புறுத்தினால், கேசியோவுக்குத் தீங்கு சொல்வதைவிட என் நாக்கை அறுத்துக்கொள்வேன் என்று தொடங்கி, பிறகு நடந்ததை, கேசியோவுக்குச் சாதகமாகப் பேசுவது போன்ற குரலில், விவரமாகச் சொல்லி முடிக்கிறான். கேட்ட ஒதெல்லோ என்ன சொல்கிறான் தெரியுமா? உன் நேர்மையும் பாசமும் இந்த விஷயத்தைக் குறைத்துச் சொல்ல வைக்கிறது என்கிறான். அதாவது, சொன்னதைவிட நிஜம் இன்னும் மோசம் என்று அவனே கூட்டிக்கொள்கிறான். அடுத்த மூச்சில் கேசியோவுக்கு வேலை போய்விடுகிறது. விசாரணைக்குச் சில நிமிடம், ஒரே சாட்சி.

இயாகோ அந்த ராத்திரி இரண்டு விஷயம் கற்றுக்கொள்கிறான். தான் தயங்கினால் இவன் அதிகமாக நம்புகிறான். நம்பிவிட்டால் உடனே முடிவெடுக்கிறான். மறுநாள் டெஸ்டிமோனா விஷயத்தில் அவன் செய்வது இதே வேலையின் பெரிய வடிவம், அவ்வளவுதான்.

அந்த மூன்றாம் காட்சியை வைத்து வகுப்பில் ஒரு பயிற்சி கொடுப்பேன். சிவப்பு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், இயாகோவின் வரிகளை மட்டும் படித்து, நடக்காத ஒன்றை நடந்ததாக அவன் சொல்லும் இடத்தை மட்டும் அடிக்கோடிடுங்கள் என்பேன். ஐந்து நிமிடத்தில் எல்லாரும் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள். பக்கம் பக்கமாகப் போகிறது, அடிக்கோடு விழவில்லை. கேசியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுப் போகிறான், இயாகோ தனக்குள் பேசுவதுபோல "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்கிறான். என்ன சொன்னாய் என்று ஒதெல்லோ கேட்டால், "ஒன்றுமில்லை". கொஞ்சம் கழித்து ஒரு கேள்வி: நீங்கள் டெஸ்டிமோனாவைக் காதலித்த நாட்களில் கேசியோவுக்கு அது தெரியுமா? தெரியும், ஏன் கேட்கிறாய்? சும்மாதான் கேட்டேன். கேசியோ நேர்மையானவன்தானே என்று ஒதெல்லோ கேட்கிறான். "நேர்மையா?" என்று அந்தச் சொல்லையே திருப்பிக் கேட்கிறான் இயாகோ. என்ன நினைக்கிறாய்? "நினைப்பதா?" எதிரொலிபோல என் சொல்லையே எனக்குத் திருப்பித் தருகிறாயே, உன் மனசுக்குள் ஏதோ பயங்கரமானது ஒளிந்திருக்கிறது என்று ஒதெல்லோ கத்துகிறான். கவனியுங்கள், இதுவரை இயாகோ ஒரு குற்றச்சாட்டும் சொல்லவில்லை. அந்தப் பயங்கரமானது என்னவென்று கற்பனை செய்கிற வேலை முழுக்க ஒதெல்லோவுடையது.

அப்புறம் வருவது இன்னும் கொடுமை. இயாகோ உண்மைகளைச் சொல்ல ஆரம்பிக்கிறான். உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள அவள் அப்பாவை ஏமாற்றினாள். உண்மை. தன் ஊர், தன் நிறம், தன் அந்தஸ்தில் வந்த வரன்களை வேண்டாம் என்றாள். அதுவும் உண்மை. நேற்றுவரை ஒதெல்லோவுக்கு அவள் காதலின் அடையாளமாக இருந்த அதே சங்கதிகள்தான், இப்போது அவள் குணத்தின் சந்தேகமாக மாறுகின்றன. வெனிஸில் டெஸ்டிமோனாவின் தகப்பன் பிரபான்சியோ போகிறபோக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்: கண் இருந்தால் பார்த்துக்கொள், தகப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம். அதற்கு ஒதெல்லோ அன்று கொடுத்த பதில், அவள் விசுவாசத்தின்மேல் என் உயிரையே வைக்கிறேன் என்பது. அந்த வரியே முடியவில்லை, உடனே இயாகோ பக்கம் திரும்பி, நேர்மையான இயாகோ, என் டெஸ்டிமோனாவை உன்னிடம் ஒப்படைக்கிறேன் என்கிறான். அன்று அந்த இடத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன்தான் இன்று அதை எடுத்து நீட்டுகிறான்.

சிவப்புக்கோடு விழுவது எப்போது? ஒதெல்லோ அவன் கழுத்தைப் பிடித்து, கண்ணால் காணும் ஆதாரம் கொடு, இல்லாவிட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று கேட்டபிறகு. அப்போதுதான் இயாகோ, கேசியோ தூக்கத்தில் டெஸ்டிமோனாவின் பெயரைச் சொல்லிப் புலம்பினான் என்று ஒரு கனவைக் கட்டிவிடுகிறான், உங்கள் மனைவியின் கைக்குட்டையால் கேசியோ தாடியைத் துடைத்ததைப் பார்த்தேன் என்கிறான். பெரிய பொய்கள் கடைசியில்தான் வருகின்றன. கேட்பவனே பசியோடு கையேந்தி நிற்கும்போது போடப்படுகின்றன. ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "சார், சொல் எதுவும் பொய்யில்லை, அந்தத் தயக்கம்தான் பொய்" என்றாள். அதைவிடச் சரியாக இதை நான் சொன்னதில்லை.

அந்தக் கைக்குட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் "ஒரு துணித்துண்டுக்காகவா கொலை" என்று கேட்டிருந்தீர்கள். 1693-லேயே தாமஸ் ரைமர் என்ற விமர்சகர் இதே கேள்வியைக் கேட்டு நாடகத்தைக் கேலி செய்திருக்கிறார், ஆக நீங்கள் தனியாள் இல்லை. ஆனால் அது தொலையும் இடத்தைப் பாருங்கள். ஒதெல்லோ தலைவலிக்கிறது என்கிறான், டெஸ்டிமோனா அவன் நெற்றியில் கட்டிவிட அந்தக் கைக்குட்டையை எடுக்கிறாள், இது ரொம்பச் சின்னது என்று அவன் விலக்குகிறான், அது கீழே விழுகிறது, விட்டுவிடு, உள்ளே போகலாம் வா என்று சொல்வதும் அவன்தான். மேடையில் நாங்கள் இதை ஒத்திகை பார்த்தபோது, ஒதெல்லோவாக நடித்த பையன் கைக்குட்டையைத் தட்டிவிட்டு அதன்மேலேயே நடந்து போனான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருவருக்குள்ளும் இருந்த முதல் பரிசு அது, அவன் அம்மா வைத்திருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் போனவனே, கொஞ்ச நேரம் கழித்து அதைக் காணோம் என்று மனைவியிடம் உறுமுகிறான். எமிலியா எடுத்து இயாகோவிடம் கொடுக்க, அவன் கேசியோ அறையில் போட, கேசியோ அதே வேலைப்பாட்டில் இன்னொன்று செய்து தரச்சொல்லித் தன் காதலி பியாங்காவிடம் கொடுக்க, கடைசியில் ஒதெல்லோ ஒளிந்திருந்து பார்க்கும்போது பியாங்கா அதைக் கேசியோ முகத்துக்கு எதிரே தூக்கிப் போடுகிறாள். கண்ணால் காண்பதும் பொய் என்று நாம் சொல்கிறோமே, அது இங்கே எழுத்துக்கு எழுத்து நடக்கிறது. அவன் பார்த்தது எல்லாம் நிஜம், கைக்குட்டை நிஜம், கேசியோ சிரித்தது நிஜம். அந்தச் சிரிப்பு டெஸ்டிமோனாவைப் பற்றியது அல்ல, பியாங்காவைப் பற்றியது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. பியாங்கா அந்த நேரம் வந்தது இயாகோவின் திட்டமும் இல்லை, சுத்தமான அதிர்ஷ்டம்.

ஆனால் ஒதெல்லோவின் பக்கம் ஒரு வழுக்கலும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது. சந்தேகப்படுவதற்கு முன் பார்ப்பேன், சந்தேகம் வந்தால் நிரூபிப்பேன், நிரூபித்துவிட்டால் காதலுக்கோ பொறாமைக்கோ இடமில்லை என்று அவன் காட்சியின் நடுவில் பெருமையாகச் சொல்கிறான். ஏழு வயதிலிருந்து பாசறையில் வளர்ந்தவன், சந்தேகம் என்றால் உடனே தீர்த்துவிடவேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்தது. போர்க்களத்தில் அது உயிர் காக்கும் குணம். வீட்டில், பதில் தெரியாமல் ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டிய இடத்தில், அது ஆளைக் கொல்லும். சந்தேகத்தோடு இருப்பது அவனால் தாங்க முடியாத வலி, அந்த வலியை நிறுத்துகிற எந்தப் பதிலையும், அது எவ்வளவு கேவலமானதாக இருந்தாலும், வாங்கிக்கொள்ளத் தயாராகிவிடுகிறான். பொறாமைக்காரர்களுக்குக் காரணம் தேவையில்லை, அது தானே கருவாகித் தானே பிறக்கிற ராட்சதன் என்று எமிலியா சொல்வது இதைத்தான்.

நேரக் கணக்கு பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. சைப்ரஸில் வந்து இறங்கிய மறுநாள் ராத்திரியே கொலை நடந்துவிடுகிறது, அப்படியானால் அவள் துரோகம் செய்ய நேரமே இல்லையே என்பது சரிதான். அதே நேரம் பியாங்கா, கேசியோ தன்னை ஒரு வாரமாகப் பார்க்கவில்லை என்று சண்டை போடுகிறாள். இரண்டு கடிகாரம் ஓடுகிறது என்று 19-ம் நூற்றாண்டிலிருந்தே விமர்சகர்கள் எழுதிவருகிறார்கள். இது கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. நாங்கள் போட்ட இரண்டு முறையும் பார்வையாளர்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இயாகோ இதை ஏன் செய்தான் என்பது இன்னும் கடினம், இங்கே எனக்கு உறுதியான பதில் கிடையாது. ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது சிந்தியோ என்ற இத்தாலிய எழுத்தாளர் 1565-ல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து. அந்தக் கதையில் காரணம் தெளிவு: அந்த வில்லன் டெஸ்டிமோனாவை விரும்புகிறான், அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, அதனால் பழிவாங்குகிறான். ஷேக்ஸ்பியர் அந்தத் தெளிவைக் கலைத்துவிட்டார். பதவி கேசியோவுக்குப் போய்விட்டது என்கிறான் இயாகோ, என் மனைவியோடு ஒதெல்லோவுக்குத் தொடர்பு என்று ஊரில் பேச்சு என்கிறான், கேசியோ மேலும் அதே சந்தேகம் என்கிறான், எனக்கும் டெஸ்டிமோனா மேல் ஆசை என்கிறான். இத்தனை காரணம் அடுக்குகிறவனுக்கு உண்மையில் ஒரு காரணமும் இல்லை, காரணமற்ற வன்மம் காரணம் தேடி அலைகிறது என்றார் கவிஞரும் விமர்சகருமான கோலரிட்ஜ். நான் பல வருடம் அதை அப்படியே நடத்தினேன், இப்போது முழுக்க ஏற்கமுடியவில்லை. ஐந்தாம் அங்கத்தில் கேசியோவைப் பற்றி அவன் சொல்லும் ஒரு வரி இருக்கிறது: அவன் வாழ்க்கையில் தினமும் ஒரு அழகு இருக்கிறது, அது என்னை அசிங்கமாக்குகிறது. அது வயிற்றெரிச்சல். மனைவி மேல் சந்தேகம், பதவிமேல் எரிச்சல், பக்கத்தில் நிற்பவன் நன்றாக இருப்பதே தாங்காமை, எல்லாம் அவனிடமும் இருக்கிறது. தன்னைத் தின்னும் நோயின் அறிகுறிகள் அவனுக்கு அத்துப்படி, அதனால்தான் இன்னொருவனுக்கு அதை இவ்வளவு துல்லியமாக ஏற்ற முடிகிறது என்பது என் எண்ணம். எண்ணம்தான், மூலத்தில் இதை நிரூபிக்கும் வரி கிடையாது. கடைசியில் ஏன் செய்தாய் என்று கேட்கும்போது அவன் இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதை விட்டுவிட்டுப் பேசினால் பதில் பாதிதான். எங்கள் ஊர்ப் பெண்களின் குணம் எனக்குத் தெரியும் என்று இயாகோ சொல்கிறபோது, வெனிஸில் ஒதெல்லோ அந்நியன், இந்த ஊர் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது என்பதுதான் அதன் உள்ளர்த்தம். சிறிது நேரத்தில், நான் கறுப்பன் என்பதாலோ என்று ஒதெல்லோ தானே சொல்லத் தொடங்குகிறான். ஊர் பல வருடமாக அவன் காதில் ஊற்றியதை இயாகோ கிளறிவிட்டால் போதுமாக இருக்கிறது. 1833-ல் கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிஜ் லண்டனில் இந்தப் பாத்திரத்தை ஏற்றார், 1943-ல் இன்னொரு கறுப்பின நடிகர் பால் ராப்சன் பிராட்வேயில் 296 காட்சிகள் நடித்தார், இரண்டுமே பெரிய நிகழ்வுகள். ஆனால் கறுப்பின நடிகர்கள் இதில் நடித்தால், கறுப்பன் என்றால் சட்டென்று வெறி பிடித்தவன் என்ற எண்ணம்தானே உறுதிப்படும் என்று கறுப்பின நடிகர் ஹியூ குவார்ஷியே கேட்டார், பிறகு 2015-ல் அவரே ஒதெல்லோவாக நடித்தபோது இயாகோவாக நடித்தவரும் கறுப்பினத்தவர், லூசியன் எம்சமாட்டி. அந்த ஏற்பாட்டில் நிறம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மனநல மருத்துவத்தில் காரணமில்லாத பொறாமை நோய்க்கு 1955-லிருந்து ஒதெல்லோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்ல, நோயைப் பற்றிப் பேசமாட்டேன். நாடகத்தைப் பற்றிச் சொன்னால், அந்தப் பெயர் இவனுக்குப் பொருந்தவில்லை. யாரும் தூண்டாமல் தானாகச் சந்தேகப்படுகிற அரசன் ஷேக்ஸ்பியரின் வேறொரு நாடகத்தில் இருக்கிறான், லியோன்டிஸ். ஒதெல்லோவுக்கு ஆள் தேவைப்பட்டது.

பழி யாருக்கு என்பதில் படித்தவர்களே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்கள். 1904-ல் விமர்சகர் பிராட்லி, உன்னதமான மனிதன் ஒருவனை அசாதாரணமான தந்திரசாலி வீழ்த்தினான் என்றார். 1937-ல் இன்னொரு விமர்சகர் லீவிஸ், இல்லை, இவன் அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வந்ததே இவன் தன்மேல் கொண்ட மயக்கத்தைக் காட்டுகிறது என்றார். இயாகோ இல்லாமல் இது நடந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவள் மூச்சை நிறுத்திய கை ஒதெல்லோவுடையது, அதில் அவனை விடுவிக்க நான் தயாரில்லை, என் காரணம் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. மறுபடி படிக்கும்போது நான்காம் அங்கம் இரண்டாம் காட்சியில் நிறுத்துங்கள். அவன் அவளை நரகத்துக்குச் சமமான துரோகி என்கிறான். அவள் கேட்கிறாள்: யாருக்குத் துரோகம், யாரோடு, எப்படித் துரோகம்? கேசியோ என்று ஒரு பெயரை அவன் அந்த நிமிடம் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே உடைந்திருக்கும், கேசியோ உயிரோடு அதே ஊரில் இருக்கிறான், கேட்டால் பதில் கிடைத்திருக்கும். அவன் சொல்வதில்லை. அழுகிறான், போய்விடு என்கிறான். அந்தப் பெயரைக் குற்றச்சாட்டாக அவள் முகத்துக்கு நேரே அவன் முதல் தடவை சொல்வது கடைசிக் காட்சியில், அவளுடைய படுக்கையருகே நின்றுகொண்டு. அப்போதும் அவள், அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறாள்.